சின்ன கேமராவுக்கு மட்டும் தெரிந்த வெளிச்சம்

நீல் மாமா ஊரிலிருந்து வந்தால் எல்லோருக்கும் சாக்லேட் கிடைக்கும். அந்த முறை லிசாவுக்கு ஒரு பெரிய குழப்பமும் சேர்ந்து கிடைத்தது.

நீல் மாமா லிசாவின் அம்மா டோரதிக்குத் தம்பி. துபாயில் வேலை. வெள்ளிக்கிழமை மாலை மைசூரு யாதவகிரியில் இருந்த அக்கா வீட்டுக்கு வந்து இறங்கியவர், குளித்து, காப்பி குடித்துவிட்டு, சாப்பாட்டு மேசைமேல் இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தார்.

ஒன்று பெரியது, கறுப்பு. எஸ்.எல்.ஆர். கேமரா என்றார். தூக்கினால் கையைக் கீழே இழுத்தது. அதோடு ஒரு நீளமான லென்ஸும், தலையில் செருகும் பெரிய ஃபிளாஷும் இருந்தன. உள்ளே ஃபிலிம் ரோல். ரோல் முழுவதும் எடுத்து முடித்து, ஸ்டுடியோவில் கொடுத்துக் கழுவிய பிறகுதான் என்ன எடுத்தோம் என்பதே தெரியும்.

மற்றது சோப்புப் பெட்டி அளவுதான் இருந்தது. டிஜிட்டல் கேமரா. அதற்கு ஃபிலிமே கிடையாது. முதுகில் தீப்பெட்டி அளவில் ஒரு திரை. கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் அங்கே இருப்பது திரையில் தெரிந்தது. எடுத்த படத்தை உடனே பார்க்கலாம். பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம். 1999-இல் அப்படி ஒன்றை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததே இல்லை.

"ரெண்டுல ஒண்ணு உனக்கு லிசா. இன்னொண்ணு எனக்கு வேணும்," என்றார் மாமா. "திங்கக்கிழமை ஊருக்குக் கிளம்பறேன். அதுக்குள்ள ரெண்டையும் வெச்சு எடுத்துப் பாத்து முடிவு பண்ணு."

பதினொரு வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு விலை உயர்ந்த பொருளா என்று அம்மா கவலைப்பட்டார். அப்பா பர்னபாஸ் சாமராஜநகரில் வேலையாக இருந்தார். அந்த வாரம் வர முடியவில்லை. போனில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, எதை வாங்கினாலும் வார்ப்பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள் என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை முழுக்க லிசா படம் எடுத்தாள். பெரிய கேமராவில் பார்த்தபோது எதிர் வீட்டு ஓட்டில் இருந்த பாசிகூடத் துல்லியமாகத் தெரிந்தது. சின்ன கேமராவின் படங்களோ கொஞ்சம் மங்கல். ஆனால் மகேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு தும்மிய படத்தை அப்போதே பார்த்து இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

மகேஸ்வரி பக்கத்து வீட்டுப் பெண். இரண்டு வீட்டு மொட்டை மாடிகளுக்கும் நடுவில் ஒரு குட்டைச் சுவர்தான். அதைத் தாண்டித்தான் அவள் எப்போதும் வருவாள்.

பொழுது சாயும் நேரத்தில் சாமுண்டி மலை விளக்குகளை எடுக்கலாம் என்று இருவரும் மாடிக்கு ஏறினார்கள். கார்த்திகை மாதக் குளிர். குக்கரஹள்ளி ஏரிப் பக்கத்திலிருந்து மெல்லிய பனி வந்து மரங்களுக்கிடையே நின்றிருந்தது. பெரிய வௌவால்கள் சத்தமில்லாமல் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தன. மலை இருந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறம்தான் தெரிந்தது.

மலை கிடைக்காததால் லிசா சின்ன கேமராவைச் சும்மா தெருப்பக்கம் திருப்பினாள். விளக்குக் கம்பம், வேப்பமரம், எதிர் வீடு என்று ஒவ்வொன்றாகத் திரையில் நகர்ந்தன.

எதிர் வீடு முழுவதும் இருட்டாக இருந்தது. அங்கே கிருஷ்ணராஜ் என்ற பெரியவர் தனியாக வசித்தார். தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு அவருக்குக் குரல் போய்விட்டது. பேசினால் வெறும் காற்றுதான் வரும். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று அவர் உதடுகளை அசைப்பதைப் பார்த்தாலே தெருப் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். லிசாவும் ஓடியிருக்கிறாள். அவர் பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறார், வர ஒரு வாரம் ஆகும் என்று அவர் வீட்டில் வேலை செய்யும் கெம்பம்மா முந்தின நாளே தெருவுக்கெல்லாம் சொல்லியிருந்தார்.

திரையில் அந்த வீட்டின் மாடி ஜன்னல் வந்தது. அதன் நடுவில் ஒரு புள்ளி மின்னியது.

ஊதா கலந்த வெள்ளைப் புள்ளி. படபடவென்று துடித்தது. அணைந்தது. மறுபடியும் துடித்தது.

லிசா கேமராவை இறக்கிவிட்டு நேராகப் பார்த்தாள். ஜன்னல் இருட்டாக இருந்தது. ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. திரையைப் பார்த்தாள். புள்ளி துடித்தது. நிமிர்ந்து பார்த்தாள். இருட்டு.

மகேஸ்வரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். மகேஸ்வரி திரையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், கண்ணைக் கசக்கிவிட்டுத் திரும்பவும் திரையைப் பார்த்தாள்.

"ஹௌது கணே, ஆமா, இருக்குது," என்றாள் மெல்லிய குரலில். பயம் வந்தால் அவளுக்குப் பாதிக் கன்னடமாகிவிடும்.

லிசா பெரிய கேமராவை எடுத்து நீள லென்ஸைத் திருப்பிப் பார்த்தாள். ஜன்னல் மிக அருகில் வந்து நின்றது. கண்ணாடியில் இருந்த விரிசல் தெரிந்தது. ஓரமாகத் தள்ளிவிட்ட திரைச்சீலையின் மடிப்பு தெரிந்தது. புள்ளி மட்டும் இல்லை. ஒரு கேமராவில் இருப்பது இன்னொரு கேமராவில் எப்படி இல்லாமல் போகும்? 

"ஊருக்குப் போறவரு வீட்டுக் காவலுக்குத் தன் பேயை விட்டுட்டுப் போயிருப்பாரு," என்றாள் மகேஸ்வரி.

"உயிரோட இருக்கறவருக்கு ஏதுடி பேய்?"

மகேஸ்வரி லிசாவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

எப்படியாவது அதைப் படமாக எடுத்துவிட வேண்டும் என்று லிசா சின்ன கேமராவின் பொத்தானை அழுத்தினாள். இருட்டாக இருந்ததால் ஃபிளாஷ் தானாகவே அடித்தது. ஒரு கணம் தெரு முழுவதும் வெள்ளையானது. எதிர் ஜன்னல் கண்ணாடி பளிச்சிட்டு அடங்கியது.

அடுத்த கணம் திரையில் அந்தப் புள்ளிக்கு வெறி பிடித்தது. நிற்காமல், மூச்சு விடாமல் துடித்தது. அவர்களைப் பார்த்துவிட்டது போலத் துடித்தது.

மகேஸ்வரி குட்டைச் சுவரைத் தாண்டியது லிசாவுக்குத் தெரியவே இல்லை, அவ்வளவு வேகம். லிசா இரண்டு கேமராக்களையும் நெஞ்சோடு அணைத்தபடி படிகளில் இறங்கி ஓடினாள்.

இரவுச் சாப்பாட்டின்போது மாமாவிடம் சொன்னாள். அவள் எடுத்த படத்தை மாமா பார்த்தார். அதில் ஃபிளாஷ் வெளிச்சத்தில் ஜன்னல் வெளுத்துப்போய் ஒன்றும் தெரியவில்லை. இது புது மாதிரி இயந்திரம், இருட்டில் அதற்குக் கண் சரியாகத் தெரியாது, இல்லாத புள்ளிகளைக் காட்டும், ஏதோ கோளாறாக இருக்கும் என்றார். பேசாமல் பெரிய கேமராவை வைத்துக்கொள், அது பொய் சொல்லாது என்றும் சொன்னார்.

லிசாவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. கோளாறு என்றால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கோளாறு எல்லா இடத்திலும் இருக்க வேண்டுமே என்று அவளுக்குத் தோன்றியது. சின்ன கேமராவை எடுத்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திரை கறுப்பாக இருந்தது. கட்டிலுக்கு அடியில் நீட்டினாள். கறுப்பு. அம்மாவின் புடவை அலமாரிக்குள் தலையோடு கேமராவையும் நுழைத்தாள். அங்கேயும் கறுப்பு. எந்த இருட்டிலும் புள்ளி இல்லை.

அப்படியானால் புள்ளி கேமராவில் இல்லை. அந்த ஜன்னலில்தான் இருக்கிறது.

அன்று அவள் அம்மாவின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் லிசா மறுபடியும் மாடிக்குப் போனாள். நல்ல வெயில். வெயிலில் அந்த வீடு மற்ற வீடுகளைப் போலத்தான் இருந்தது. பெரிய கேமராவின் நீள லென்ஸை மாடி ஜன்னலுக்குத் திருப்பினாள். உள்ளே கொஞ்ச தூரம்வரை பார்வை போனது. ஜன்னலுக்கு அடியில் ஒரு டி.வி.யின் முதுகு. அதைத் தாண்டி ஒரு கட்டிலின் கால். கட்டிலுக்குப் பக்கத்தில் பழுப்பு நிறப் பெட்டி ஒன்று. பெட்டியின் மேல் மடித்து வைத்த ஸ்வெட்டர்.

லிசா கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பெட்டியில் பட்டை இறுகக் கட்டியிருந்தது. பயணத்துக்குத் தயாராக இருந்த பெட்டி. பயணம் போனவர் அதை ஏன் விட்டுவிட்டுப் போனார்?

கீழே வந்து மாமாவிடம் கேட்டாள். மனிதர்களிடம் இரண்டு பெட்டி இருக்காதா என்றார் மாமா. கனமாக இருக்கிறதென்று வைத்துவிட்டுப் போயிருப்பார் என்றார். அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது நல்லதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். அது சரிதான் என்று லிசாவுக்கும் பட்டது. ஆனாலும் அந்த ஸ்வெட்டர் மனதை விட்டுப் போகவில்லை. கார்த்திகைக் குளிரில் போகிறவர் ஸ்வெட்டரையுமா விட்டுவிட்டுப் போவார்?

அம்மா நர்ஸ். அன்று அவருக்குப் பகல் ட்யூட்டி. பொழுது சாய்ந்துதான் வருவார். மாமா சோபாவில் சாய்ந்து டி.வி. பார்க்க ஆரம்பித்தார். விளம்பரம் என்றால் அவருக்கு ஆகாது. விளம்பரம் வந்தவுடன் ரிமோட்டை நீட்டி வேறு சேனலுக்குப் போவார். அங்கேயும் விளம்பரம் வந்தால் இன்னொன்று. இப்படியே போய், எந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதையே மறந்துவிடுவார்.

லிசா டி.வி.க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சின்ன கேமராவின் திரையில் மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி மூடிய கண்ணும் வயிற்றின் மேல் வேர்க்கடலைத் தட்டுமாக நல்ல படம் கிடைக்கும் போலிருந்தது.

விளம்பரம் வந்தது. மாமா ரிமோட்டை நீட்டினார்.

திரையில், ரிமோட்டின் நுனியில், ஊதா கலந்த வெள்ளைப் புள்ளி ஒன்று படபடவென்று துடித்தது.

லிசா கேமராவை இறக்கினாள். தலையை நிமிர்த்தி ரிமோட்டைப் பார்த்தாள். அதில் எந்த வெளிச்சமும் இல்லை. மாமாவை இன்னொரு முறை அழுத்தச் சொன்னாள். வெறும் கண்ணால் பார்த்தால் ஒன்றுமில்லை. திரையில் பார்த்தால் அதே புள்ளி, அதே நிறம், அதே துடிப்பு.

மாமாவும் எழுந்து வந்து பார்த்தார். ரிமோட்டிலிருந்து டி.வி.க்கு ஒருவித வெளிச்சம் போகிறது என்பது அவருக்குத் தெரியும். நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். அது இந்தக் கேமராவின் கண்ணுக்குத் தெரியும் என்பது இதுவரை அவருக்குத் தோன்றவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, கோளாறு கேமராவில் இல்லை, தன்னிடம்தான் என்றார்.

லிசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பேய் பயம் போன இடத்தில் அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து உட்கார்ந்தது.

"மாமா, பேய்க்கு எதுக்கு ரிமோட்டு?" என்றாள். "அந்த வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்க. அதை அழுத்திக்கிட்டே இருக்காங்க."

வெளியே இருட்டிவிட்டிருந்தது. இரண்டு கேமராக்களையும் அள்ளிக்கொண்டு மாடிப்படிகளில் ஏறினாள். மாமா பின்னாலேயே வந்தார். சத்தம் கேட்டு மகேஸ்வரியும் சுவர் ஓரமாக வந்து நின்றாள். இந்த முறை அவள் சுவரைத் தாண்டவில்லை.

பனி நேற்றைவிடக் கீழே இறங்கியிருந்தது. தெருவிளக்கின் வெளிச்சம் பனியில் கரைந்து, எதிர் வீடு தரையைத் தொடாமல் மிதப்பது போல இருந்தது. லிசா சின்ன கேமராவை ஜன்னலுக்கு நேராக நீட்டினாள். திரை கறுப்பாக இருந்தது. காத்திருந்தாள். கறுப்பு.

கேமராவைக் கை மாற்றிப் பிடித்த பிறகுதான் புள்ளி வந்தது. நேற்றுப் போலத் துடிப்பாக இல்லை. ஒரு தடவை மின்னியது. நெடுநேரம் எதுவும் இல்லை. பிறகு சோர்வாக இன்னொரு தடவை.

நேற்று ஃபிளாஷ் அடித்ததும் அந்தப் புள்ளி எப்படித் துடித்தது என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. அது வெறி இல்லை. இங்கே இருக்கிறேன், இங்கே இருக்கிறேன் என்று சொன்னது. அதைக் கேட்டுவிட்டுத்தான் அவள் ஓடியிருக்கிறாள்.

"பெரிய ஃபிளாஷை அடிங்க மாமா. ஒரே ஒரு தடவை."

மாமா பெரிய கேமராவைத் தூக்கி ஃபிளாஷ் அடித்தார். பனி முழுவதும் வெளுத்து அடங்கியது. லிசா திரையையே பார்த்தாள்.

புள்ளி ஒரு தடவை மின்னியது.

"இப்ப ரெண்டு தடவை."

மாமா இரண்டு தடவை அடித்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஜன்னலின் இருட்டுக்குள் புள்ளி ஒரு தடவை மின்னியது. நின்றது. இன்னொரு தடவை மின்னியது.

இருட்டில் இருந்த யாரோ அவர்களோடு எண்ணிக்கொண்டிருந்தார்கள். மகேஸ்வரி சுவரைத் தாண்டி வந்து லிசாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது சின்ன கேமராவின் திரை அணைந்துபோனது. பேட்டரி தீர்ந்துவிட்டது. கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அம்மா வந்துவிட்டார்.

லிசா இறங்கி ஓடி அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். பேய், புள்ளி, ரிமோட், பெட்டி, ஸ்வெட்டர் என்று முன்னும் பின்னுமாக வந்து விழுந்தது. அம்மாவுக்குப் பாதி புரியவில்லை. பூட்டிய வீட்டைப் பார்த்து மாமாவும் மருமகளும் விளையாடுகிறார்கள் என்றே நினைத்தார். கண்ணால் பார்த்தால்தான் அம்மா நம்புவார் என்று லிசாவுக்குத் தெரிந்தது. சமையலறைக் கடிகாரத்தில் இருந்த பேட்டரியையும், ரிமோட்டில் இருந்தவற்றையும், டார்ச்சில் இருந்ததையும் கழற்றிக் கேமராவில் போட்டாள். அம்மாவைக் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போனாள்.

மாமா ஃபிளாஷ் அடித்தார். திரையில் புள்ளி பதில் சொன்னது. அம்மா அதைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"கிருஷ்ணராஜ் சாருக்குக் குரல் கிடையாது," என்றார். "விழுந்து கிடந்தாலும் அவரால கூப்பிட முடியாது."

அதற்குப் பிறகு அம்மா ஒரு நிமிடம்கூட வீணாக்கவில்லை. தன் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து ஆம்புலன்ஸ் அனுப்பச் சொன்னார். மாமாவைப் பின் தெருவில் இருந்த கெம்பம்மா வீட்டுக்கு அனுப்பினார். பின்வாசல் சாவி கெம்பம்மாவிடம்தான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். கிளம்பும்போது லிசாவிடம் திரும்பி, நீ இங்கேயே இரு, நாங்கள் போய்ச் சேரும்வரை வெளிச்சம் காட்டிக்கொண்டே இரு, அவர் தனியாக இல்லை என்று தெரியட்டும் என்றார்.

மாடியில் இரண்டு பெண்கள் மட்டும் நின்றார்கள். மகேஸ்வரி பெரிய கேமராவை இரண்டு கையாலும் தூக்கி ஃபிளாஷ் அடித்தாள். லிசா சின்னத் திரையைப் பார்த்தாள். வெளிச்சம், பதில். வெளிச்சம், பதில். இடையில் ஒரு தடவை பதில் வரவில்லை. வௌவால் ஒன்று ஜன்னலுக்குக் குறுக்கே போனது. பனி நகர்ந்தது. இன்னும் பதில் வரவில்லை.

"இன்னொரு வாட்டி அடி மகேசு," என்றாள் லிசா.

மகேஸ்வரி அடித்தாள். நெடுநேரம் கழித்து, அணையப் போகும் தணல் போல, புள்ளி ஒரே ஒரு தடவை மினுங்கியது.

அதே நேரத்தில் எதிர் வீட்டின் கீழ் ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம் ஒன்று அசைந்தது. மாமா கையில் வைத்திருந்த விளக்கு. அது கூடத்தைத் தாண்டியது. படிக்கட்டில் மறைந்தது. மாடியில் வந்தது. பின் அந்த ஜன்னலுக்குள் வெளிச்சம் நிறைந்தது. அம்மாவின் தலை குனிந்தது, மறைந்தது.

ஜன்னல் திறந்தது. அம்மா வெளியே தலையை நீட்டி, இருட்டில் இருந்த மகளைப் பார்த்துக் கையை உயர்த்தி அசைத்தார்.

மகேஸ்வரி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். லிசாவும் உட்கார்ந்தாள்.

நடந்தது என்ன என்பதைப் பிறகு அம்மா சொன்னார். சனிக்கிழமை விடியற்காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது பெரியவர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. திடீரென்று போய் நிற்கலாம் என்று மகளிடம் வருவதாகச் சொல்லவில்லை, அதனால் அவரை யாரும் தேடவில்லை. தோளில் மாட்டியிருந்த பயணப் பையில் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் இருந்ததால் பிழைத்தார். கைக்கு எட்டிய தம்ளரை ஜன்னல்மேல் எறிந்து பார்த்திருக்கிறார். அது சுவரில் பட்டு உருண்டுவிட்டது. கட்டில்மேல் ரிமோட் இருந்தது. டி.வி.யைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினால் தெருவில் யாராவது கேட்பார்கள் என்று நினைத்தார். ஆனால் அந்த வீட்டில் பியூஸ் போயிருந்தது. டி.வி. வரவே இல்லை. வராது என்று தெரிந்த பிறகும், கையில் வேறு எதுவும் இல்லாததால், அதையே அழுத்திக்கொண்டிருந்தார். வெளியே வெளிச்சம் அடித்தபோதெல்லாம், எப்படியாவது யாருக்காவது எட்டாதா என்று அதே கணக்கில் அழுத்தினார்.

திங்கட்கிழமை மதியம் லிசா அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மாமா தன் பயணத்தை மாலைக்குத் தள்ளி வைத்துவிட்டு உடன் வந்தார். பெரியவரின் மகள் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்திருந்தார்.

பெரியவர் லிசாவைக் கிட்டே வரச் சொல்லிக் கை காட்டினார். லிசா போனாள். அவர் உதடுகள் அசைந்தன. அவள் ஓடவில்லை. குனிந்து காதை அவர் வாயருகே கொண்டுபோனாள். காற்றுக்குள் கன்னட வார்த்தைகள் இருந்தன. அருகில் கேட்டால் எல்லாமே புரிந்தது. சனிக்கிழமை வெளிச்சம் அடித்துவிட்டு ஓடியது நீதானா என்று கேட்டார்.

லிசா தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றாள்.

நானாக இருந்தாலும் ஓடித்தான் இருப்பேன் என்றார் அவர். திடீரென்று மொட்டை மாடியில் இடி இல்லாமல் மின்னல் வந்தால் யாருக்குத்தான் பயம் வராது, எனக்கும் வந்தது என்றார்.

லிசா அவரைச் சின்ன கேமராவில் ஒரு படம் எடுத்துத் திரையைக் காட்டினாள். அவர் பார்த்தார். நரைத்த தாடியைத் தடவினார். கலைந்த முடியைக் காட்டி, இதை அழித்துவிடு என்று சைகை செய்தார். மகளிடம் சீப்பு வாங்கித் தலை சீவிக்கொண்டு நிமிர்ந்து உட்கார முயன்றார். லிசா அழித்துவிட்டு இன்னொன்று எடுத்தாள். அதைப் பார்த்து அவர் சிரித்தார். சத்தமே இல்லை. தோள்கள் மட்டும் குலுங்கின. அது சிரிப்புதான் என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமா இரண்டு கேமராக்களையும் மேசைமேல் வைத்தார். ஒரு விஷயத்தை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன் என்றார். பெரியதில்தான் படம் நன்றாக வரும். பல வருடம் உழைக்கும். சின்னது இரண்டு வருடத்தில் பழசாகிவிடும், பேட்டரியையும் குடித்துக்கொண்டே இருக்கும். நன்றாக யோசித்துச் சொல் என்றார்.

லிசா பெரிய கேமராவைத் தூக்கிப் பார்த்தாள். அந்தக் கனம் அவளுக்குப் பிடித்திருந்தது. மெதுவாகக் கீழே வைத்தாள்.

"இது நல்ல கேமராதான் மாமா," என்றாள். "ஆனா சின்னது உண்மையச் சொன்னப்ப நாம எல்லாரும் சேர்ந்து அதுக்குக் கோளாறுன்னு சொன்னோம். எனக்கு மனசு கேக்கல. அதையே நான் வெச்சுக்கறேன்."

மாமா தன் பெட்டியைத் திறந்து, வைத்திருந்த புதுப் பேட்டரிகள் அத்தனையையும் எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

மாமா கிளம்பிப் போன பிறகு பொழுது சாய்ந்தது. லிசா வார்ப்பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மாடிக்கு ஏறினாள். மகேஸ்வரி சுவரைத் தாண்டி வந்து அவளோடு நின்றாள். பனி வந்திருந்தது. லிசா கேமராவைத் தெருவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகத் திருப்பினாள். விளக்கு எரியாத ஒவ்வொரு ஜன்னலிலும் நிறுத்தி, பொறுமையாகப் பார்த்தாள். பூட்டிய கடை. கிருஷ்ணராஜ் வீட்டு மாடி. யாரும் குடிவராத மூலை வீடு.

திரையில் எங்கேயும் எதுவும் துடிக்கவில்லை.

"யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டாள் மகேஸ்வரி.

"இல்ல. வெறும் இருட்டுதான்," என்றாள் லிசா. இருவரும் நிம்மதியாகக் கீழே இறங்கினார்கள்.